சிங்கப்பூர்க் கடைவீட்டுத் தங்கும் விடுதிகள்

கடைவீட்டுத் தங்கும் விடுதி என்பது, கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டப்பட்ட பழைய வரிசைவீடுகளைப் புதுப்பித்து, இருபது முப்பது அறைகளுடன் நடத்தப்படும் சிறு ஹோட்டலாகும். சிங்கப்பூரில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், தஞ்சோங் பாகார் ஆகிய வட்டாரங்களில் இவை மிகுதி. விளம்பரங்களில் இவை 'பூட்டிக் ஹோட்டல்' எனப்படுகின்றன. படத்தில் பார்த்து முன்பதிவு செய்துவிட்டு, அறைக்குள் நுழைந்ததும் "சன்னல் எங்கே?" என்று கேட்கும் பயணிகள் இவ்விடுதிகளில் புதியவர்கள் அல்லர். அந்தக் கேள்விக்கான விடை கட்டடத்தின் வரலாற்றில் இருக்கிறது.

பெயர்

பூட்டிக் என்பது சிறிய, தேர்ந்தெடுத்த சரக்குள்ள கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல் என்னும் இருவர் 1984இல் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் மோர்கன்ஸ் ஹோட்டலைத் திறந்தனர். பெரிய ஹோட்டல்கள் எல்லாம் கிடைக்கும் பேரங்காடி என்றால் தமது விடுதி பூட்டிக் போன்றது என்று ரூபெல் ஒப்பிட்டதிலிருந்து இப்பெயர் பரவியதாகச் சொல்லப்படுகிறது. லண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் அதே காலத்தில், சற்று முன்னரே கூட, இத்தகைய சிறு விடுதிகள் தோன்றியிருந்தன. இன்று இச்சொல்லுக்குக் கறாரான இலக்கணம் கிடையாது. எட்டு அறை உள்ளதும் நூறு அறை உள்ளதும் தம்மைப் பூட்டிக் என்றே அழைத்துக்கொள்கின்றன. ஆகவே பெயரைக் காட்டிலும் கட்டடத்தைப் பார்ப்பதே பயன் தரும்.

கடைவீட்டின் அமைப்பு

1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகர அமைப்புக்கு வகுத்த விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலத்தில் கூரையிட்ட தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ந்து எப்போதும் மக்கள் நடக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது. இதுவே ஐந்தடிப் பாதை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வழக்கில் 'அஞ்சடி'. அகலம் எல்லா இடத்திலும் ஐந்தடியாக இருப்பதில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க ஏற்பட்ட இந்தப் பாதையில் பூக்கட்டுபவர், முடிதிருத்துபவர், கடிதம் எழுதித் தருபவர், கிளி சோதிடர் என்று பலர் பிழைப்பு நடத்தினர். இன்றும் கடைவீட்டு விடுதியின் வரவேற்பு மேசை இந்த அஞ்சடிக்கு உட்புறமே இருக்கும். அஞ்சடியை அடைத்து விடுதி தன் முற்றமாக்கிக்கொள்ள முடியாது.

வீட்டின் அகலம் பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டர்தான். இருபுறமும் அடுத்த வீட்டுடன் பொதுவான செங்கற்சுவர்; அவற்றின் மேல் குறுக்காக மர உத்தரங்கள்; உத்தரங்களின் மேல் பலகைத் தளம். ஒரே மரத்துண்டு எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவே வீட்டின் அகலம். அகலத்தில் இழந்ததை நீளத்தில் ஈடுசெய்தனர். வீடு பின்னோக்கிப் பல மடங்கு நீண்டு செல்லும். பக்கச்சுவர்கள் இரண்டும் பொதுச்சுவர்கள் என்பதால் அவற்றில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் தெருப்பக்கத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் மட்டுமே வரும். நடுப்பகுதிக்காக, கூரையைத் திறந்துவிட்ட முற்றம் ஒன்றை இடையில் வைத்தனர். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் விளங்கும். ஆனால் இங்கே அது கிணறு போல ஒடுங்கியிருக்கும்.

முன்பு அங்கே தங்கியவர்கள்

கடைவீடு தங்கும் விடுதியானது புதுமை அன்று. அது எந்நாளும் வெளியூர்க்காரர் தங்கிய இடம்தான். துறைமுக வேலைக்கும் ரிக்‌ஷா இழுக்கவும் வந்த கூலிகள் மேல்தளத்தில் பலகைத் தடுப்பு அறைகளில் அடைந்து கிடந்தனர். ஒரு தளத்தில் பல தடுப்புகள்; நடுவில் இருந்தவற்றுக்குச் சன்னல் இல்லை. 1907இல் வெளிவந்த வில்லியம் சிம்ப்சனின் சுகாதார அறிக்கை இந்த இருட்டையும் நெரிசலையும் காசநோயோடு தொடர்புபடுத்தியது. முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீட்டு வரிசைகளுக்கு இடையே பின்சந்துகளை வெட்டித் திறக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இன்று விடுதிகளின் பின்னால் காணும் சந்துகளும், அங்கே இறங்கும் சுருள் படிக்கட்டுகளும் அக்காலத்துச் சீர்திருத்தத்தின் மிச்சங்கள். அதன் பின்னும் நெரிசல் தீரவில்லை. பேரிங்டன் கே என்பவர் 1950களில் அப்பர் நான்கின் தெருவில் ஆய்வு செய்து எழுதிய நூல், ஒரே தடுப்பறையில் முழுக் குடும்பங்கள் வாழ்ந்ததைப் பதிவு செய்திருக்கிறது.

தமிழர்க்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. மார்க்கெட் தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகள் கடைவீடுகளே. ஒரு கிட்டங்கியில் பல பெட்டியடிகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு மரப்பெட்டி. பகலில் அதுவே வட்டிக்கடை, இரவில் அதன் அருகிலேயே படுக்கை. சமையல் பொதுவில் நடந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் இப்படித் தங்கிக் கணக்கு எழுதியவர்கள் ஏராளம். நகர மறுசீரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. சைனாடவுன் கடைவீடுகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு இவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இடிப்பிலிருந்து பாதுகாப்புக்கு

1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காத்தது. ஆனால் கிடைத்த சொற்ப வாடகையில் உரிமையாளர்கள் பழுது பார்க்க முன்வரவில்லை. கூரை ஒழுகியது, உத்தரம் கரையான் அரித்தது. மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர, பழைய வரிசைகள் பல இடிக்கப்பட்டன. 1980களின் நடுவில் சுற்றுலா வருகை சரிந்தபோதுதான், எல்லாவற்றையும் இடித்துவிட்டால் பார்க்க வருபவர்க்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி வலுத்தது. 1989 ஜூலை 7 அன்று சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பத்துப் பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. வாடகைக் கட்டுப்பாடு 2001இல் முற்றாக நீக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பேரம் அடங்கியிருக்கிறது. அரசு முழுச் செலவையும் ஏற்கவில்லை. தனியார் வாங்கிச் சீர்செய்து, வருமானம் தரும் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்றது. அதற்கு ஈடாக முகப்பு, பொதுச்சுவர், மரத்தளம், முற்றம், ஓட்டுக்கூரை, மரச் சன்னல் ஆகியவற்றை அப்படியே காக்க வேண்டும். சுவர் நின்றது, சுவருக்குள் இருந்த மளிகைக்காரரும் தச்சரும் குடியிருந்தோரும் வெளியேறினர். விடுதிகளின் வரவேற்பறையில் தொங்கும் பழைய புகைப்படங்களில் இந்தப் பாதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

சில விடுதிகள்

வழக்கறிஞராக இருந்து விடுதித் தொழிலுக்கு வந்த லோ லிக் பெங், 2003இல் கியோங் சைக் சாலையில் 32 அறைகளுடன் ஹோட்டல் 1929ஐத் திறந்தார். கட்டடம் எழுந்த ஆண்டே பெயராயிற்று. அச்சாலை அப்போதும் சிவப்பு விளக்குப் பகுதியாகவே அறியப்பட்டிருந்தது. அங்கே வெளிநாட்டுப் பயணி தங்குவாரா என்று பலர் ஐயுற்றனர். தங்கினார்கள். அடுத்து உணவகங்களும் மதுக்கூடங்களும் வந்தன, வாடகை ஏறியது. 2006இல் அவரே புக்கிட் பாசோ சாலையில் நியூ மெஜஸ்டிக் ஹோட்டலையும், 2010இல் லிட்டில் இந்தியாவின் டிக்சன் சாலையில் வாண்டர்லஸ்ட் ஹோட்டலையும் திறந்தார். பின்னது 1920களில் கட்டப்பட்ட ஒரு பழைய பள்ளிக்கூடம். நியூ மெஜஸ்டிக் 2017இல் மூடப்பட்டது.

கியோங் சைக் சாலை முனையில் நகரத்தார் கட்டிய லயன் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலின் வெள்ளிரதம் முருகனை ஏற்றிக்கொண்டு அண்ணனைக் காண இங்கே வரும், மாலையில் திரும்பும். அந்த நாளில் அவ்வட்டாரத்தில் அறை எடுத்திருப்பவர்க்கு நாதஸ்வரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை.

அறை தேர்தல்

கடைவீட்டு விடுதியில் ஒரே கட்டணத்தில் இரு அறைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தெருப்பக்க அறைக்கு உயரமான மரச் சன்னல்களும் நல்ல வெளிச்சமும் உண்டு. கீழே மதுக்கூடம் இருந்தால் நள்ளிரவு வரை பேச்சொலியும் உண்டு. மரச் சன்னல்களை மாற்றக் கட்டுப்பாடு இருப்பதால், உட்புறம் இரண்டாவது கண்ணாடி பொருத்தியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நடு அறைகள் அமைதியானவை, ஆனால் இருட்டு. முற்றத்தை நோக்கிய சன்னலையும் 'சன்னல் உண்டு' என்ற கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்; தெருவைப் பார்த்ததா, முற்றத்தைப் பார்த்ததா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மேற்கூரை அறைகள் படத்தில் அழகாக இருக்கும். கூரை சரியும் பக்கத்தில் உயரமானவர் நிமிர முடியாது. மரத்தளம் காலடி ஓசையைக் கடத்தும். எனவே தூக்கம் எளிதில் கலைபவர்க்கு மேல்தளமே ஏற்றது. ஆனால் மேல்தளம் என்றால் படிக்கட்டு. எல்லா விடுதிகளிலும் மின்தூக்கி இல்லை, படிகளோ செங்குத்தானவை. முதியவர்களை அழைத்து வருபவர்கள் பதிவுக்கு முன்பே இதை விசாரிக்காமல் விடக்கூடாது.

குளியலறைக்குக் கதவுக்குப் பதில் கண்ணாடித் தடுப்பு வைப்பது, இடநெருக்கடியை வடிவமைப்பு என்று பெயர் மாற்றிய தந்திரம். தம்பதியர்க்குப் பொருந்தலாம், அக்கா தம்பி, அப்பா மகள் என்று வருபவர்க்குச் சங்கடம்.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது 'பிளஸ் பிளஸ்' குறி. அறைக்கட்டணத்தின் மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அவ்விரண்டின் கூட்டுத்தொகை மேல் பொருள் சேவை வரியும் சேரும் என்பது இதன் பொருள். இவ்வரி 2024 முதல் 9 விழுக்காடு. 200 வெள்ளி என்று போட்ட அறைக்கு 239 வெள்ளி 80 காசு கட்ட நேரும். டுரியான் பழத்தை அறைக்குள் கொண்டுவரப் பெரும்பாலான விடுதிகள் தடை வைத்து அபராதமும் விதிக்கின்றன.

இதைவிட மலிவாகத் தனியார் வீட்டில் சில நாள் தங்கலாமே என்று நினைப்பவர்கள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளைக் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதங்களுக்கும், கழக அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதங்களுக்கும் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. மற்றப் பெருநகரங்களில் சிறு விடுதிகளின் வருமானத்தைப் பறித்த வீட்டு வாடகைத் தளங்கள் இங்கே காலூன்ற முடியாமல் போனதற்கு இவ்விதியே காரணம். சிக்கனமாகத் தங்க விரும்புவோர்க்கு லிட்டில் இந்தியாவில் அதே கடைவீடுகளின் மேல்தளத்தில் படுக்கை வாடகைக்குத் தரும் பயணியர் கூடங்கள் இருக்கின்றன: ஒரு தளத்தில் வரிசையாகத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு படுக்கை, ஒரு விளக்கு, ஒரு திரை.