பட்டறை நுட்பங்களும் காப்புரிமையும்

அறிவுசார் சொத்துரிமை பற்றிய விவாதங்களில், ஆண்டுதோறும் எத்தனை காப்புரிமை விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன என்கிற கணக்கே பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. எண்ணிக்கை உயர்ந்தால் தொழில்முனைவும் உயர்ந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. பத்துப் பதினைந்து தொழிலாளர்களைக் கொண்ட ஒரு பட்டறையின் உரிமையாளருக்கு இந்தக் கணக்கால் பெரிதாகப் பயன் ஏதுமில்லை.

காப்புரிமையை ஓர் ஒப்பந்தம் என்றே மாணவர்களுக்கு நான் விளக்கி வந்தேன். கண்டுபிடித்தவர் தமது நுட்பத்தை மறைக்காமல் எழுதித் தருகிறார். அரசு அவருக்கு 20 ஆண்டுகள் தனியுரிமை அளிக்கிறது. அதன்பின் அது அனைவருக்கும் பொதுவாகிறது. ஆனால், பட்டறையில் பிறக்கும் நுட்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒப்பந்தத்துக்குள் நுழைவதே இல்லை. இதற்கு ஒரு பாத்திர வழக்கே சான்று.

உத்தர பிரதேசத்தின் மிர்ஸாபூர் பித்தளைப் பாத்திரத் தொழில் நடக்கும் ஊர். பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டுச் சுரண்டி மெருகேற்றுவார்கள். பழைய முறையில், சூட்டில் இளகும் பசையாலோ இடுக்கியாலோ பாத்திரம் ஒரு பக்கத்தில் மட்டும் பிணைக்கப்பட்டிருக்கும். சுழலும் வேகத்தில் அது தெறித்துத் தொழிலாளியைக் காயப்படுத்தக்கூடும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூர்முனைத் தண்டால் அழுத்திப் பிடித்தால் அந்த ஆபத்து நீங்கும். இவ்வமைப்புக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1953-இல் காப்புரிமை பெற்றது. அதே ஊரில் பாத்திரம் செய்துவந்த மற்றொரு நிறுவனமும் இம்முறையைக் கையாளவே வழக்கு மூண்டது. அலாகாபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை நீக்கினார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மீட்டளித்தது. 1978 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் நீக்கியது. முன்பே அறிந்த ஒன்றில் பட்டறை அளவில் செய்யப்படும் சாதாரண மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். காப்புரிமை வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஆபத்தைக் குறைக்கும் ஒரு முறையை எல்லாப் பட்டறைகளும் தடையின்றிப் பயன்படுத்த அது வழிவிட்டது. சிறுதொழில் வளர்வது பெரும்பாலும் இப்படிப் பார்த்தும் கேட்டும் கற்பதால்தான். எனினும், முதலில் யோசித்துச் செய்தவருக்கு மிஞ்சியது நீண்டதொரு வழக்கு மட்டுமே. நமது சட்டத்தில், கிடைத்தால் 20 ஆண்டு உரிமை, இல்லையெனில் ஒன்றுமில்லை.

இந்த இடைவெளியை ஜெர்மனி 1891-லும் ஜப்பான் 1905-லும் 'பயன்பாட்டு மாதிரி' என்னும் சிறு காப்புரிமையால் நிரப்பின. சிறு மேம்பாட்டுக்குக் குறுகிய காலப் பாதுகாப்பு, எளிய பதிவு என்பதே அதன் இயல்பு. இந்தியாவில் மத்திய அரசு 2011-இல் இதுகுறித்து ஒரு விவாத அறிக்கையை வெளியிட்டது. சட்டம் வரவில்லை.

வந்தாலும் எச்சரிக்கை தேவை. முழு ஆய்வின்றிப் பதிவு செய்யப்படும் உரிமைகளைப் பெரிய நிறுவனங்கள் குவித்து வைத்துக்கொண்டு சிறியவர்களை மிரட்ட முடியும். இதனால்தான் ஜப்பானில், உரிமையாளர் பிறரை எச்சரிக்கும் முன் காப்புரிமை அலுவலகத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டைப் பெற்றுக் காட்ட வேண்டும். அந்த நிபந்தனை இல்லாத சிறு காப்புரிமை நமக்கு வேண்டாம்.

கட்டணச் சலுகையே போதும் என்போரும் உண்டு. சிறு நிறுவனம் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். விண்ணப்பத்தை எழுதித் தரும் முகவருக்குக் கொடுப்பதோ அதைப்போலப் பல மடங்கு.

உடனடியாகச் செய்யத்தக்க வேறொன்று இருக்கிறது. காப்புரிமை அந்தந்த நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டில் பெறப்பட்டு இந்தியாவில் பதிவாகாத நுட்பத்தையும், இங்கே காலாவதியான நுட்பத்தையும், வேறு காப்புரிமை குறுக்கிடாத வரையில் யாரும் இங்கு பயன்படுத்தலாம். உரிமையாளர் ஆண்டுக் கட்டணம் செலுத்தாததால் 20 ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியாகும் காப்புரிமைகளும் உள்ளன. வரைபடங்களுடன் கூடிய விவரங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், இந்தியக் காப்புரிமை ஆவணங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் இருக்கும். அவற்றின் நடையோ வழக்குரைஞர்களுக்கானது. கோவையில் மோட்டார் பம்பு செய்யும் ஒருவர் தமக்குத் தேவையானதை அவற்றிலிருந்து தேடி எடுப்பது எளிதன்று. மாவட்டத் தொழில் மையம் ஒவ்வொன்றிலும் ஒரு பொறியாளரை அமர்த்தி, அந்தந்த மாவட்டத் தொழிலுக்கு ஏற்ற காலாவதியான காப்புரிமைகளைத் தேர்ந்து தமிழில் சுருக்கித் தரச் செய்யலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.