சென்னைக்குப் போனால்தான் ‘பம்பாய்’
போட்டி, விளம்பரம், பத்திரிகை: கர்நாடக இசையில் முன்னுக்கு வர இன்று மூன்றும் தேவைப்படுகின்றன. பாண்டுப்பில் சங்கீதம் கற்கும் ஒரு பிள்ளைக்கு இவற்றில் எது எட்டும்?

கர்நாடக சங்கீத உலகில் மார்க்கெட்டிங் என்பது இன்னமும் கொஞ்சம் கெட்ட வார்த்தை. ஆனால் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் உத்தியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அரியக்குடி, செம்மங்குடி, முசிறி என்ற அந்த வரிசையில் பம்பாயும் இடம் பிடித்தது. சி. சரோஜாவும் சி. லலிதாவும் பம்பாய் சகோதரிகள் ஆனார்கள். பிறகு வந்தவர் பம்பாய் ஜெயஸ்ரீ. 1995இல் நகரம் மும்பை ஆன பிறகும் இந்த அடைமொழி அசையவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னைக்குக் குடிபோன பிறகுதான் ஒருவர் ‘பம்பாய்’ ஆக முடிகிறது. ஜெயஸ்ரீ இங்கே டி.ஆர். பாலாமணியிடம் கற்றவர், பின்னர் லால்குடி ஜெயராமனிடம் சேர்ந்தார். மும்பையில் பிறந்து வளர்ந்த அருணா சாயிராமும் சென்னைக்குப் போனார். ரஞ்சனி - காயத்ரி சகோதரிகளும் அப்படித்தான். மும்பை நல்ல நாற்றங்கால். நடவு நடப்பது மயிலாப்பூரில்.

நாற்றங்காலிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. மாட்டுங்காவைச் சுற்றி இருப்பவர்களுக்கு, 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபா கூப்பிடு தூரத்தில். அதன் பெரிய அரங்கம் 1963இல் எழுந்தது. 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறந்தது. செம்பூர்வாசிகளுக்கு ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி. பாண்டுப்பில் இருப்பவர்களுக்கு ரயில் இருக்கிறது. ஷண்முகானந்தாவுக்குப் போக சயானில் இறங்க வேண்டும்: காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா தாண்டி ஆறாவது ஸ்டேஷன். செம்பூருக்கென்றால் குர்லாவில் வண்டி மாற வேண்டும். மாலை நேரத்தில் தம்பூராவோடு அந்தக் கூட்டத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் அருமை தெரியும். எல்.பி.எஸ். மார்க் தொழிற்சாலைகளை நம்பிப் பாண்டுப்புக்கு வந்தவர்களில் தமிழர்களும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு முதல் மேடை கோயில் உற்சவமோ, நவராத்திரிக் கொலுவோ, ஐயப்ப பூஜையோதான். அடுத்த மேடை எங்கே என்று தேடும்போது பெற்றோர் கண்ணில் படுவது போட்டி.

போட்டிகள் பெருகிவிட்டன. தியாகராஜர் கீர்த்தனைக்கு ஒன்று, தீட்சிதருக்கு ஒன்று, ராகம் - தானம் - பல்லவிக்கு இன்னொன்று. சென்னை சபாக்களோடு, 1978இல் தொடங்கிய அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனையும் இளைஞர்களின் போட்டிக் களமாகிவிட்டது. ஜெயா டிவி ‘கர்நாடிக் மியூசிக் ஐடல்’ நடத்தியது. 1995இல் ஜீ டிவியின் ‘ச ரி க ம’ தொடங்கிய பிறகு மும்பையில் பாட்டு கற்கும் எந்தக் குழந்தையின் வீட்டிலும் நடுவர், மதிப்பெண், கோப்பை என்ற பேச்சு சகஜம்.

போட்டியால் நன்மையே இல்லை என்பது அநியாயம். தேதி குறித்துவிட்டால் சாதகம் ஒழுங்காக நடக்கும். பெயர் தெரியாத பிள்ளையை ஒரு வித்வான் காது கொடுத்துக் கேட்பார். புறநகரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஏழெட்டு நிமிடத்தில் பாட வேண்டும் என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? பத்துக் கீர்த்தனைகளைத் தேர்ந்தெடுத்து, சங்கதி பிசகாமல், முன்கூட்டியே கோத்த கல்பனாஸ்வரத்தோடு பாடமாக்கிவிடுவார். மேடைக்கு வேண்டியது அதுவல்ல. இரண்டரை மணி நேரம் குரல் தாங்க வேண்டும். வயலின்காரர் வாசிப்பதைக் கேட்டு அடுத்த வரியை மாற்றத் தெரிய வேண்டும். கூட்டம் அசந்தால் ஒரு துக்கடாவால் நிமிர்த்தத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் மதிப்பெண் தாளில் கட்டம் கிடையாது.

பரிசு வாங்கியவர் அடுத்து மோதுவது மார்க்கெட்டிங்கில். இது புதிய நோய் என்று அங்கலாய்ப்பவர்கள் சரித்திரத்தைப் புரட்டலாம். நீண்ட ஆலாபனைகளின் காலத்தில், விறுவிறுப்பான கீர்த்தனைகளை அடுக்கி இன்றைய கச்சேரி முறையை வகுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு ரசிகரின் நாடி தெரிந்திருந்தது. மூன்று நிமிட கிராமபோன் தட்டுக்காகப் பெரிய வித்வான்களும் பாட்டைச் சுருக்கினார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் மேதைமை அவருடையது. அதை ‘மீரா’ (1945) மூலம் நாடெங்கும், 1966இல் ஐ.நா. சபை வரை கொண்டுபோனதில் சதாசிவத்தின் திட்டமிடலுக்குப் பங்கில்லை என்று யார் சொல்வார்கள்? ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்துச் சம்பாதித்த பணத்தில்தான் 1941இல் ‘கல்கி’ பத்திரிகையே பிறந்தது.

அன்று சந்தைக்குப் போனது ஏற்கெனவே விளைந்த பொருள். இன்று விளையும் முன்பே போகிறது. ஃபோட்டோ எடுத்து, வீடியோ பதிவுசெய்து, இணையத்தில் ஏற்றி, ஸ்பான்சர் பிடித்த பிறகுதான் சபா செயலாளரைப் பார்க்க முடிகிறது. நன்கொடை கொடுப்பவர்களுக்கே மேடை கிடைக்கிறது என்ற புகார், குறிப்பாக வெளிநாட்டு இளைஞர்களை முன்வைத்து, டிசம்பர் சீசன்தோறும் எழுந்து அடங்குகிறது. மார்கழியில் இரண்டு வாரம் சென்னையில் அறை எடுத்துத் தங்கவே யோசிக்கும் பாண்டுப் குடும்பம் இந்த ஏலத்தில் கையே தூக்க முடியாது.

அப்படியானால் பத்திரிகைகள் கைகொடுக்குமா? ஒரு காலத்தில் கொடுத்தன. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய விமர்சனங்களை, சங்கீதம் தெரியாதவர்களும் ரசித்தார்கள். சுப்புடுவின் பேனாவுக்கு வித்வான்கள் பயந்தார்கள், பயந்ததாலேயே படித்தார்கள். இன்று விமர்சனத்தின் இடத்தைப் பேட்டிகளும் புடவையும் கேன்டீன் மெனுவும் பங்குபோட்டுக்கொண்டுவிட்டன. தலைப்புச் செய்தி வேண்டுமென்றால் தகராறு வேண்டும். 2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டு, ரஞ்சனி - காயத்ரி மியூசிக் அகாடமியின் அந்த ஆண்டு விழாவிலிருந்து விலகியபோது, சங்கீதப் பக்கம் திரும்பிப் பார்க்காத சேனல்கள்கூட விவாதம் நடத்தின. யார் பக்கம் நியாயம் என்று ஊரே பேசியது. இரு தரப்பும் எப்படிப் பாடுகிறார்கள் என்ற பேச்சு அதில் எவ்வளவு இருந்தது?

புனேயைப் பார்த்துப் பொறாமைப்படலாம். பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அங்கே கேட்கும் கூட்டம் முதலில் உருவானது. ஸ்பான்சர்கள் பின்னால் வந்தார்கள். நம் ஆட்கள் பாடுபவர்களை உற்பத்தி செய்வதில் காட்டும் அக்கறையைக் கேட்பவர்கள் மேல் காட்டவில்லை. பல பகல் கச்சேரிகளில் முதல் வரிசையில் இருப்பது பாடுபவரின் உறவினர்கள்தான்.

பாண்டுப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு தகவல். ரஞ்சனியும் காயத்ரியும் மும்பையில் டி.எஸ். கிருஷ்ணசாமியிடம் கற்றது வயலின். வயலின் கலைஞர்களாகத்தான் அவர்கள் முதலில் பெயர் வாங்கினார்கள், பெரிய வித்வான்களுக்குப் பக்கவாத்தியமும் வாசித்தார்கள். வாய்ப்பாட்டுக்கு மாறியது அதற்குப் பிறகு. போட்டி விண்ணப்பத்தில் ‘பிரிவு’ என்ற இடத்தில் எதை நிரப்புவது என்று பத்து வயதில் கேட்டிருந்தால், அவர்கள் ‘வயலின்’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.