17 டிராக், ஒரே ஆள்: ‘கௌபாய் பீபாப்’ ஆல்பம் நம்மள ஏன் விடவே மாட்டேங்குது?

இன்னைக்கு எபிசோடை ஒரு பென்டிரைவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுப் போன ஒரு சீனியர், படமும் கேமும் நிறைஞ்ச ஒரு பென்டிரைவை என் கையில் கொடுத்துட்டுப் போனார். அதில் ‘பீபாப்’னு ஒரு ஃபோல்டர். உள்ளே 17 ஆடியோ ஃபைல். டிராக் 1, டிராக் 2 என்று நம்பர் மட்டும்தான். பாட்டோட பேர் இல்லை, பாடினவங்க பேரும் இல்லை.

முதல் டிராக்கில் பேஸ், பாங்கோஸ், அப்புறம் ஒரு பெரிய பிராஸ் கூட்டமே வந்து மேலே விழுந்தது. மூணாவது டிராக்கில் ஒரு ஹார்மோனிகா, மதிய வெயில்ல திண்ணையில உட்கார்ந்து யாரோ தனக்குத்தானே வாசிக்கிற மாதிரி. ஏழாவதில் சாக்ஸபோன், அதுக்குப் பின்னாடி எங்கிருந்தோ வர்ற கோரஸ். 15-ல் சர்ச் ஆர்கனோடு ஆரம்பிக்கிற ஒரு ராக் பாட்டு. கடைசி டிராக், குழந்தைகள் சாவி கொடுத்துத் திறக்கிற மியூசிக் பாக்ஸ்.

இது சீனியர் தனக்காகச் சேர்த்து வைத்த கலெக்‌ஷன், பத்துப் பதினஞ்சு பேண்டுகளில் இருந்து பொறுக்கினதுன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் அப்படியே கேட்டுட்டு இருந்தேன். ஒருநாள் ராத்திரி பக்கத்து ரூமில் லேப்டாப்பில் எதையோ போட்டாங்க. சுவர் தாண்டி என் ‘டிராக் 1’ கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தா, ஒரு ஜப்பானிய அனிமேஷன் சீரிஸோட டைட்டில். 17 டிராக்கும் ஒரே ஆல்பம். இசையமைச்சது ஒரே ஆள். பேர் யோகோ கன்னோ.

அன்னைக்கு வந்த கேள்விதான் இந்த எபிசோடு. இவ்வளவு கலவையான ஒரு ஆல்பம் ஏன் குப்பை மாதிரி சிதறாம ஒண்ணா நிக்குது?

முதல்ல, இது என்ன ஷோ?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ‘கௌபாய் பீபாப்’ 1998-ல் டிவி டோக்கியோவில் வந்தது. மொத்தம் 26 எபிசோடு. வன்முறை, சூதாட்டம், போதைப்பொருள் என்று விஷயம் கொஞ்சம் சூடானதால் அந்தச் சேனலில் பாதிதான் ஓடியது. முழுசா ஒளிபரப்பானது அதே வருஷம் அக்டோபரில் இருந்து, வாவ்வாவ் என்கிற கட்டணச் சேனலில். 2001-ல் அமெரிக்காவின் அடல்ட் ஸ்விம் இதை எடுத்துப் போட, உலகம் முழுக்கப் பரவியது. 2021-ல் நெட்ஃபிளிக்ஸ் நிஜ நடிகர்களை வைத்து எடுத்தது ஒரே சீசனோடு நின்னுபோச்சு. அதுக்கும் இசை கன்னோதான்.

கதை நடப்பது 2071-ல். ஒரு பெரிய விபத்தில் பூமி கிட்டத்தட்ட வாழ முடியாத இடமாகிவிட்டது. மனிதர்கள் செவ்வாய், வெள்ளி, வியாழனோட நிலாக்கள் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ‘பீபாப்’ என்கிற பழைய விண்கலத்தில் கொஞ்ச பேர், தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைத் துரத்திப் பிடித்து வயிற்றைக் கழுவுகிறார்கள். பெரும்பாலும் பிடிக்கிறதும் இல்லை, சாப்பிடுறதும் இல்லை.

இயக்குநர் ஷினிச்சிரோ வாதனாபே ஒரு விஷயத்தைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் ஸ்பான்சர் தரப்பு ஒரு பொம்மைக் கம்பெனி. விண்கல பொம்மை விற்கணும், அதனால் கதையில் விண்கலம் இருந்தா போதும், மிச்சம் உங்க இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். அந்த ‘உங்க இஷ்டம்’தான் இந்த ஆல்பத்துக்கும் கதவைத் திறந்தது.

கன்னோ எப்படி வேலை செஞ்சார்?

வழக்கமா பிஜிஎம் எப்படி நடக்கும்? இயக்குநர் ஒரு லிஸ்ட் கொடுப்பார். சண்டைக்கு ஒண்ணு, சோகத்துக்கு ஒண்ணு, துரத்தலுக்கு ஒண்ணு. இசையமைப்பாளர் அதை நிரப்பிக் கொடுப்பார். அப்படி வந்த துண்டுகளைப் படம் இல்லாம தனியா கேட்டா பல நேரம் ஒட்டாது. அது காட்சிக்குன்னு தைச்ச சட்டை.

இங்கே வேற மாதிரி நடந்தது. கன்னோ அதுக்கு முன்னாடியே வீடியோ கேம்களுக்கு இசையமைத்தவர். 1994-ல் ‘மேக்ராஸ் ப்ளஸ்’ல் வாதனாபேவோடு வேலை செய்தவர். பீபாபுக்கு வந்தபோது, கேட்டதை மட்டும் செய்யாமல், கேட்காத பாட்டுகளையும் தானாவே போட்டு அனுப்பிட்டே இருந்தாராம். அதைக் கேட்டு வாதனாபே புதுக் காட்சிகளை யோசித்திருக்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்து கன்னோ இன்னொரு பாட்டு. மாத்தி மாத்திப் பந்து வீசுற மாதிரி.

இதுக்காகவே அவர் ஒரு பேண்டைச் சேர்த்தார். பேர் சீட்பெல்ட்ஸ். பயங்கரமா ஜாம் பண்ணும்போது தூக்கி எறியப்படாமல் இருக்க எல்லாரும் சீட்பெல்ட் போட்டுக்கிட்டு வாசிப்பாங்க என்று ஒரு வேடிக்கைக் கதையும் வைத்திருக்கிறார்கள். முதல் டிராக்கான ‘டேங்க்!’ல் கடைசியில் வெடிக்கிற சாக்ஸபோன் மசாட்டோ ஹோண்டா. அதைக் கேட்டா சீட்பெல்ட் கதையை நம்பலாம்னு தோணும்.

அதனால் இந்த முதல் ஆல்பம் ஷோவோட நினைவுப் பொருள் மட்டும் இல்லை. ஒரு உதாரணம் சொல்றேன். ஐந்தாவது எபிசோடில் ஹீரோ ஸ்பைக் பழைய எதிரியைச் சந்திக்க ஒரு சர்ச்சுக்கு நடந்து போவான். பின்னால் ‘ரெய்ன்’ பாட்டு. ஷோவில் அதைப் பாடியது மாய் யமானே, கரகரப்பான பெண் குரல். ஆல்பத்தில் பாடியது ஸ்டீவ் கான்டே, பின்னாளில் நியூயார்க் டால்ஸ் பேண்டில் கிட்டார் வாசித்தவர். ஷோவைப் பார்த்துட்டு ஆல்பத்தை வாங்கினவனுக்கு அதே பாட்டு வேற ஆளோட வாக்குமூலம் மாதிரி கேட்கும். ஷோவை முடித்து வைக்கிற ‘தி ரியல் ஃபோக் ப்ளூஸ்’ பாட்டோ முதல் ஆல்பத்திலேயே கிடையாது. அது ‘விட்டமின்லெஸ்’ என்கிற குட்டி ஆல்பத்தில் தனியா வந்தது. எது ஹிட்டோ அதை முன்னால் வைக்கணும் என்கிற கணக்கு இங்கே ஓடவில்லை.

“இது டூரிஸம்டா”

இப்போ என் ரூம்மேட்டைப் பற்றிச் சொல்லணும். கிட்டார் வாசிப்பான். மடி வாட்டர்ஸ்தான் அவனுக்குக் கடவுள். நான் ஆசையா ஹெட்ஃபோனைக் கொடுத்து ஹார்மோனிகா டிராக்கைப் போட்டேன். ‘ஸ்போக்கி டோக்கி’ என்று பேர். அரை நிமிஷம் கேட்டுட்டுக் கழட்டிட்டான்.

“மச்சான், இது ப்ளூஸ் இல்ல. டூரிஸம். மிசிசிப்பில பருத்தி பொறுக்கினவன் வாசிச்சது ப்ளூஸ். இவங்க டோக்கியோ ஸ்டுடியோல ஏசி போட்டுக்கிட்டு அந்த வலியோட சத்தத்த மட்டும் எடுத்துட்டாங்க. இதுல ‘ரியல் ஃபோக் ப்ளூஸ்’னு பேரு வேற.”

எனக்குப் பதில் தெரியலை. கோபம் மட்டும் வந்தது. ஒரு வாரம் பேசிக்கலை. சின்ன விஷயம்தான். ஆனா அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் உறுத்தியது.

அந்த நியாயத்தை நான் மறைக்கப் போறதில்லை. நாலாவது டிராக் ‘பேட் டாக் நோ பிஸ்கட்ஸ்’ தொடங்கும் விதத்தைக் கேளுங்க. அப்புறம் டாம் வெயிட்ஸ் 1985-ல் வெளியிட்ட ‘ரெய்ன் டாக்ஸ்’ ஆல்பத்தில் ‘மிட்டவுன்’ என்கிற குட்டி டிராக்கைக் கேளுங்க. ரொம்ப ரொம்ப கிட்ட இருக்கும். கன்னோவின் ரசிகர்களே ஒத்துக்கிற விஷயம் இது. இவ்வளவு வகை இசையைத் தொட்டவரோட கையில் மத்தவங்க சாயமும் ஒட்டியிருக்கு.

‘ரியல்’ யார் ஒட்டின லேபிள்?

ரூம்மேட்டுக்குப் பதில் சொல்லணும்னே நான் ப்ளூஸ் தேடிக் கேட்க ஆரம்பிச்சேன். அப்போதான் ஒரு விஷயம் மாட்டியது. ‘தி ரியல் ஃபோக் ப்ளூஸ்’ கன்னோவும் வாதனாபேவும் கண்டுபிடித்த பேரே இல்லை. சிகாகோவில் செஸ் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு கம்பெனி. 1960-களின் நடுவில் அவங்க வெளியிட்ட ஆல்பம் வரிசையோட பேர் அது. அதில் ஹவுலின் வுல்ஃப் இருக்கார், ஜான் லீ ஹூக்கர் இருக்கார், ரூம்மேட்டோட கடவுள் மடி வாட்டர்ஸும் இருக்கார்.

அந்த மடி வாட்டர்ஸ் ஆல்பமும் புதுசா பதிவானது இல்லை. பல வருஷத்துக்கு முன்னாடி பதிவான பாட்டுகள், அதில் நிறைய எலெக்ட்ரிக் கிட்டாரோடு, சிகாகோ நகரத்துச் சத்தம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெள்ளைக்கார இளைஞர்கள் நடுவே ஃபோக் இசை மோகம் ஓடிக்கிட்டு இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு விற்கத்தான் பழைய பாட்டுகளை எடுத்து ‘ரியல்’, ‘ஃபோக்’ என்று மேலே லேபிள் ஒட்டினாங்க.

பாட்டு உண்மை. லேபிள் வியாபாரம். ரெண்டும் ஒரே தட்டில்தான் இருந்தது, மிசிசிப்பிக்காரர் வாசிச்சப்பவும்.

இது கன்னோவுக்கு விடுதலைப் பத்திரம் இல்லை. இனவெறிக்கு நடுவில் அந்த இசையை உருவாக்கினவங்களோட கடன் அப்படியேதான் இருக்கு. ஆனா பீபாப் அந்தக் கடனை ஒளிச்சு வைக்கலை. எபிசோடுகளை ‘செஷன்’ என்று எண்ணுறாங்க. எபிசோடு பேர்களே ‘சிம்பதி ஃபார் தி டெவில்’, ‘பொஹீமியன் ராப்சடி’, ‘மை ஃபன்னி வேலன்டைன்’ என்று மத்தவங்க பாட்டோட பேர்கள். டைட்டிலில் வேகமா ஓடுற எழுத்துகளை நிறுத்திப் படிச்சா, 1941-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் கிளப்பைப் பற்றி எழுதியிருக்கும். தெலோனியஸ் மங்க், டிஸி கில்லெஸ்பி மாதிரி ஆட்கள் ராத்திரி ராத்திரியா ஜாம் பண்ணி, பழைய ஜாஸின் சட்டகத்தை உடைத்து, பீபாப் என்கிற புது இசையை வளர்த்த இடம். யார்கிட்ட வாங்கினோம்னு வாசல்லயே எழுதி வைக்கிற ஷோ இது.

ஊரை விட்டு வந்தவங்க பாட்டு

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஏன் சிதறலை?

ஏன்னா கதை நடக்கிற உலகமே சிதறினது. பூமி போச்சு. அவங்கவங்க கையில் கிடைச்ச பாட்டை எடுத்துக்கிட்டு வேற கிரகத்துக்குக் குடிபோயிருக்காங்க. செவ்வாயில் ஒரு பாரில் ப்ளூஸ், அடுத்த தெருவில் பிராஸ், அதுக்கடுத்து மியூசிக் பாக்ஸ். அந்த உலகத்தில் ஒரே வகை இசை ஓடியிருந்தாதான் பொய்யா இருந்திருக்கும். இந்தக் கலவை அந்த ஊரோட நிஜமான தெருச் சத்தம்.

இதை முழுசா உணர்றது ஏழாவது டிராக்கில், ‘ஸ்பேஸ் லயன்’. ஏழு நிமிஷம் ஓடும். முதல் பாதி தனியா ஒரு சாக்ஸபோன், அவசரமே இல்லாம. அது ஓய்ஞ்சு அடங்குற நேரத்தில் தாளம் மெதுவா உள்ளே வரும், அதுக்கு மேலே ஒரு கூட்டமே சேர்ந்து பாடும். ஷோவில் இது ‘ஜூபிடர் ஜாஸ்’ எபிசோடோட முடிவில் வரும். சாக்ஸபோன் வாசிக்கிற ஒரு முன்னாள் போர்வீரன், தான் போரிட்ட நிலாவை நோக்கித் திரும்பப் போற காட்சி. மேலே சொல்லலை, ஸ்பாய்லர்.

இந்த டிராக் எந்த வகை? ஜாஸா? ஆப்பிரிக்கச் சாயலுள்ள கோரஸா? எந்த அலமாரியிலும் வைக்க முடியாது. ரெண்டும் சேர்ற அந்த இடம், ஒருத்தனோட தனிமைக்குள்ள ஒரு கூட்டம் வந்து உட்கார்ற அந்த இடம், அதை கன்னோ யார்கிட்டயும் கடன் வாங்கலை. ‘பேட் டாக்’ல் இரவல் தெரியும். ‘ஸ்பேஸ் லயன்’ல் அவரோட சொந்தக் கை தெரியும். ஒரே ஆல்பத்தில் ரெண்டும் இருக்கு. எனக்கு அது நேர்மையாதான் படுது.

எல்லா டிராக்கும் இந்த உயரத்தில் இல்லை. ‘பாட் சிட்டி’ மாதிரி சிலது படம் இல்லாம கொஞ்சம் காத்து வாங்கும். பரவாயில்லை.

எப்படிக் கேட்கலாம்?

ஷஃபிள் வேண்டாம். வரிசையா கேளுங்க. ‘டேங்க்!’, அப்புறம் ‘ரஷ்’, ரெண்டுமே ஓட்டம். உடனே ‘ஸ்போக்கி டோக்கி’ உட்கார வைக்கும். இந்த ஓட்டமும் உட்காரலும்தான் ஆல்பத்தோட மூச்சு. கடைசி டிராக் ‘மெமரி’, அந்த மியூசிக் பாக்ஸ். முதல் எபிசோடோட முதல் காட்சியில், மழையில் ஒரு ரோஜா கிடக்கும்போது கேட்கிற இசை அதுதான். ஷோ தொடங்குற சத்தத்தில் ஆல்பம் முடியுது.

ரூம்மேட் இப்போ வேற ஊர்ல வேலை பார்க்கிறான். இந்த எபிசோடு பண்றேன்னு சொன்னதும் வாய்ஸ் நோட் அனுப்பினான். “இன்னும் அது டூரிஸம்தான் மச்சான், மாத்திக்க மாட்டேன்”னு ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் நாப்பது செகண்ட் கிட்டார். வாசிச்சது என்னன்னு முதல்ல புரியலை. ரெண்டாவது தடவை கேட்டப்போ பிடிபட்டது. ‘ஸ்பேஸ் லயன்’ல் வர்ற சாக்ஸபோன் மெட்டு.

நான் பதில் எதுவும் அனுப்பலை. மடி வாட்டர்ஸ் ஆல்பத்தோட லிங்க்கை மட்டும் அனுப்பினேன். இந்த ஆல்பம் இல்லைன்னா நான் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

உங்க கைக்கும் இப்படிப் பேர் தெரியாம வந்து சேர்ந்த ஆல்பம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.