விண்வெளியிலும் எலித்தொல்லை!

மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவை அண்ணன் கேட்டபோது, “எனக்கு என்னண்ணே தெரியும்?” என்றுதான் சொன்னேன். “விடுதியில உக்காந்து ராத்திரி பூரா ஒரு சீரியல் பார்த்தியே, அதையே எழுதுடா” என்றார். எழுதிவிட்டேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரிக்கலாம். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலாண்டில் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று நடந்தது இது. கணக்கில் எனக்கு 23 மார்க். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு போன் செய்ய தைரியம் வரவில்லை. அறையில் சுருண்டு கிடந்தவனை சீனியர் அண்ணன் ஒருவர் எழுப்பி, தன் மடிக்கணினி முன்னால் உட்கார வைத்தார். “இதப் பாரு, மனசு லேசாகும்” என்றார். அதுதான் ‘ஸ்டார் ட்ரெக்’.

அட்டைப்பெட்டிக் கப்பல்

நான் எதிர்பார்த்தது வேறு. விண்வெளிப் படம் என்றால் திரை அதிரும், கிரகம் வெடிக்கும் என்று நினைத்தேன். வந்ததோ ஐம்பது வருடங்களுக்கு மேல் பழைய தொடர்! பாறையைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழா மேடைப் பாறை மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய தொடர் இது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. மூன்று ஆண்டுகளில் 79 கதைகள் வந்தன. 1969இல் நிறுத்திவிட்டார்கள். 1980களில் நம் தூர்தர்ஷனிலும் காட்டியிருக்கிறார்கள்.

கப்பலின் பெயர் எண்டர்பிரைஸ். கேப்டன் கிர்க். எதையும் கணக்குப் போட்டே பேசும் ஸ்பாக், பாதி வேற்றுக் கிரகத்துக்காரர். டாக்டர் மெக்காய், எஞ்சினைக் கட்டி அழும் ஸ்காட்டி, தகவல் தொடர்பைக் கவனிக்கும் உஹுரா என்று ஒரு கூட்டமே உண்டு.

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு இருக்கிறதே, அது தானாகத் திறக்கவில்லையாம்! சுவருக்குப் பின்னால் ஆட்கள் நின்று இழுத்தார்களாம். ஆளைக் கரைத்து வேறிடத்தில் சேர்க்கும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ ஏன் வந்தது தெரியுமா? ஒவ்வொரு வாரமும் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டப் பணம் இல்லை. அதனால் கப்பலை மேலேயே நிறுத்திவிட்டு, ஆட்களை மட்டும் ‘அனுப்பி’விட்டார்கள். அந்த மினுமினுப்புக்கு, வெளிச்சத்தில் அலுமினியத் தூளைக் கொட்டிப் படம் பிடித்திருக்கிறார்கள். இல்லாத குறைக்குச் செய்த ஏற்பாடுதான் கடைசியில் உலகப்புகழ் பெற்றது. பட்டறையில் ஸ்பானர் கிடைக்காமல் நாம் செய்யும் வேலை மாதிரிதான்!

களஞ்சியத்தில் புகுந்த பஞ்சு உருண்டை

அன்றிரவு மூன்றாவதாகப் பார்த்த கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான ‘ட்ரிபிள்களால் வந்த தொல்லை’ என்ற கதை. எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது 23 வயது. அவர் விற்ற முதல் கதையே அதுதானாம்.

ஆங்கிலம் பாதி புரியவில்லை. நிறுத்தி நிறுத்தி, அண்ணனைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். கதை இதுதான். ஒரு கிரகத்துக்கு இரண்டு தரப்பு உரிமை கொண்டாடுகிறது. யார் அங்கே நன்றாக விளைவித்துக் காட்டுகிறார்களோ, கிரகம் அவர்களுக்கு. அங்கே கொண்டுபோக வேண்டிய விதைத் தானியத்தை ஒரு விண்வெளி நிலையத்தின் களஞ்சியத்தில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காவல் இருக்கத்தான் எண்டர்பிரைஸ் போகிறது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். விண்வெளியில் போய் இவர்கள் செய்வது தானியக் காவலா? இது நம்மூர் வேலையாயிற்றே!

அப்போது ஒரு வியாபாரி வருகிறான். அவன் பையில் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு சின்னப் பிராணி. பெயர் ட்ரிபிள். கையில் வைத்தால் பூனை மாதிரி குர்ர் என்கிறது. உஹுரா ஆசையாகக் கப்பலுக்கு எடுத்துப் போகிறாள். மறுநாள் அது குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகளும் குட்டி போடுகின்றன. பிறக்கும்போதே சூலோடு பிறக்கின்றன என்கிறார் டாக்டர். கேப்டன் சாப்பாடு கேட்டால் தட்டில் ட்ரிபிள்! நாற்காலியில் ட்ரிபிள்! கடைசியில் களஞ்சியத்தின் கதவை கிர்க் திறக்கிறார். மேலேயிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டி, கழுத்துவரை மூடிவிடுகின்றன. தானியம் பூராவும் காலி.

(இதற்காகச் செயற்கை ரோமத்தில் சுமார் 500 உருண்டைகள் தைத்திருக்கிறார்கள். நான் பத்தாயிரம் இருக்கும் என்று நினைத்தேன்.)

இவை ஏன் இப்படிப் பெருகின? அவற்றின் சொந்தக் கிரகத்தில் தின்பதற்கு எதிரி உண்டு. கப்பலில் எதிரி இல்லை, தீனிக்கும் குறைவில்லை. இதைக் கேட்டதும் எங்கள் வயல்தான் ஞாபகம் வந்தது. சம்பா கதிர் வாங்கும் சமயம் வயலில் ‘டி’ போலக் குச்சி நட்டு வைப்பார்கள். ராத்திரியில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்க. அதுவும் போதாதென்று அப்பா கிட்டி வைப்பார். மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி, உள்ளே இரை வைப்பது. எலி இரையைத் தொட்டதும் வில் விடுபட்டு அமுக்கிவிடும். இதற்கு ‘தஞ்சாவூர் கிட்டி’ என்றே பெயர். எண்டர்பிரைஸில் எல்லாம் இருந்தது. ஓர் ஆந்தையும் ஒரு கிட்டியும்தான் இல்லை!

பதினொன்றின் விளையாட்டு

களஞ்சியத்தில் எத்தனை ட்ரிபிள் இருக்கும் என்ற பேச்சு வந்ததும், ஸ்பாக் யோசிக்காமல் சொல்கிறார்: 17,71,561. முதலில் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு ஈற்றுக்குப் பத்துக் குட்டி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஈற்று, மொத்தம் மூன்று நாள். அவர் வைத்துக்கொண்ட கணக்கு இவ்வளவுதான்.

“சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றாருண்ணே” என்றேன். அண்ணன் ஒரு பேப்பரை நீட்டினார். “போட்டுப் பாரு.”

போட்டேன். தாய் ஒன்று, குட்டி பத்து. ஆக, அரை நாளில் 11. அந்தப் பதினொன்றும் ஆளுக்குப் பத்துப் போட்டால் ஒரு நாளில் 121. அப்புறம் 1,331. இரண்டு நாளில் 14,641. இரண்டரை நாளில் 1,61,051. மூன்றாம் நாள் முடியும்போது...

17,71,561.

உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று நாளில் ஆறு அரை நாள். பதினொன்றை ஆறு தடவை பெருக்கினால் இந்த எண். பதினொன்றின் மேல் ஆறு என்று சின்னதாக எழுதுகிறோமே, அந்த ‘அடுக்கு’ இதுதான்! அதே அடுக்கை வகுப்பில் கரும்பலகையில் பார்த்தபோது வெறும் எழுத்தாக இருந்தது. இப்போது அது குட்டி போட்டது.

கூட்டலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் ட்ரிபிள் மட்டுமே குட்டி போட்டால் மூன்று நாளில் 60 குட்டிதான், தாயோடு 61. குட்டியும் குட்டி போடுவதால்தான் பதினேழு லட்சம். எலி பிறந்தவுடன் குட்டி போடாது, வளரச் சில வாரங்கள் வேண்டும். ஆனாலும் வழி இதேதான். ஒரு ஜோடிக்கு ஈற்றுக்கு ஆறு குட்டி, பாதி பெண், எதுவும் சாகவில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டு எட்டாகும். ஒவ்வொரு தலைமுறைக்கும் நான்கு மடங்கு. ஆறு தலைமுறையில் 8,192 எலி! நடவின்போதே ஒரு ஜோடியைப் பிடிப்பதும் அறுவடைக்கு முன் பிடிப்பதும் ஒன்றல்ல என்று அப்பா சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

வட்டியும் ஒரு ட்ரிபிள்தான்

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். திண்ணையில் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைச் சேர்ப்பதற்காக ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார். நூற்றுக்குப் பத்து வட்டி, மாதத்துக்கு. ஏழு மாதமாக வட்டி கட்ட முடியவில்லை.

“மாசம் ஆயிரம்னா ஏழு மாசத்துக்கு ஏழாயிரம். அசலோட பதினேழாயிரம்தானே தம்பி? அவரு பத்தொம்பதாயிரத்து ஐந்நூறுங்கிறாரு. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு ஏமாத்துறாரா?”

பேப்பரை எடுத்தேன். கட்டாத வட்டியை அவர் ஒவ்வொரு மாதமும் அசலில் சேர்த்திருக்கிறார். வட்டி குட்டி போட்டிருக்கிறது. ட்ரிபிளுக்குப் பதினொன்று, இங்கே 1.1. அதை ஏழு தடவை பெருக்கினால் 19,487 ரூபாய். அவர் கணக்கில் தப்பில்லை. அந்த ஏற்பாடே தப்பு. தமிழ்நாட்டில் 2003 முதலே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

“இப்படியே விட்டா என்னாகும்?” என்றார் அப்பா. போட்டுக் காட்டினேன். ஒரு வருடம் முடிந்தால் 31,384. இரண்டு வருடம் முடிந்தால் 98,497.

அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். மறுநாள் கூட்டுறவு வங்கியில் அதை அடகு வைத்து, கையில் இருந்ததையும் சேர்த்துக் கடனை அடைத்தோம். தோடு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் அது குட்டி போடும் வேகம் குறைவு.

களஞ்சியம் நிறைய, வயிறு காலி

கதையின் முடிவைச் சொல்லவில்லையே! களஞ்சியத்திலிருந்து கொட்டிய ட்ரிபிள்களில் பெரும்பாலானவை செத்தும் சாகாமலும் கிடக்கின்றன. ஏன்? தானியத்தில் யாரோ விஷக்கிருமி கலந்திருக்கிறான். தின்றாலும் உடம்பில் ஒட்டாது. தானியக் களஞ்சியத்துக்குள்ளேயே அவை பட்டினியால் செத்திருக்கின்றன. அவற்றால்தான் அந்தச் சதி வெளியே தெரிகிறது.

அந்தத் தானியம் கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியதிலிருந்து வந்ததாகக் கதை. அப்படி ஒட்டுச் சேர்த்த ‘டிரிட்டிகேல்’ நிஜத்திலேயே இருக்கிறது. இந்தக் கதை வந்த அதே 1960களில் நம் தஞ்சை வயல்களிலும் ஒரு ஒட்டு ரகம் விளைந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் ஜி.ஈ.பி. 24 நெல்லையும் சேர்த்து உண்டாக்கிய ஆடுதுறை 27. தாத்தாவுக்கு அதன் பெயர் தெரியும். நடவு நட்டு, களை பறித்து, அறுத்தது அவர் தலைமுறைதான். நெல் கூடியது. கூலி?

1968 டிசம்பரில் அப்போலோ 8 விண்கலத்தில் மூன்று பேர் முதன்முதலாக நிலவைச் சுற்றினார்கள். அவர்கள் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த 25ஆம் தேதி இரவில்தான், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஒரே இரவு, ஒரே வானம். இரண்டையும் சேர்த்து நினைக்காமல் என்னால் அந்தத் தொடரைப் பார்க்க முடியவில்லை.

அதனால்தானோ என்னவோ, அந்தக் கப்பலில் எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது டிரான்ஸ்போர்ட்டர் அல்ல. உஹுரா ஆப்பிரிக்கப் பெண், சூலு ஆசியர், ஸ்பாக் வேற்றுக் கிரகத்துக்காரர். எல்லோரும் ஒரே அறையில் சமமாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உஹுராவாக நடித்த நிஷல் நிக்கல்ஸ் ஒரு கட்டத்தில் விலகப் பார்த்தபோது, விலக வேண்டாம் என்று அவரிடம் சொன்னவர் மார்ட்டின் லூதர் கிங்! சமமாக உட்கார்ந்திருப்பதைக் காட்டுவதே எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மிலும் இப்படிக் கற்பனை செய்தவர் உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பொறியாளரான சுஜாதா, வாக்குப்பதிவு இயந்திரம் உருவான வேலையிலும் பங்கெடுத்துக்கொண்டு, ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயையும் படைத்தார். அதுவும் தூர்தர்ஷனில் தொடராக வந்தது. காவிரிக்கரைப் பையனுக்கு விண்வெளி தூரமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தோழர்களே! கணக்குப் புரியாமல் உட்கார்ந்திருக்கும் முதலாண்டுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்பாக் சொல்லிவிட்டார் என்று நம்பாதீர்கள். வட்டிக்காரர் சொல்லிவிட்டார் என்றும் நம்பாதீர்கள். பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஏப்ரலில் அரியர் எழுதினேன். 61 மார்க். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் அடுக்குக் கணக்கு எல்லாம் சரி. அப்பாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். “சரி தம்பி, தோட்டை எப்ப மீட்கலாம்னு அதையும் போட்டுச் சொல்லு” என்றார்.

போட்டுக்கொண்டிருக்கிறேன்.