வலிப்பு மருந்தும் கருத்தடை மாத்திரையும்

வலிப்பு நோயைப் பேச்சு வழக்கில் காக்காய் வலிப்பு என்கிறோம். காக்கைக்கும் அந்நோய்க்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கால்-கை வலிப்பு என்பதே நாவில் மருவி அவ்வாறாயிற்று என்பர். இந்நோயுடைய பெண்கள் கருத்தடை மாத்திரை உட்கொள்ளுங்கால் அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்றை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். வலிப்புக்கான மருந்துச் சீட்டு மதுரையில் எழுதப்பட்டிருக்கும். கருத்தடை மாத்திரை டில்லியிலோ நாகபுரியிலோ வாங்கப்படும். ஒரு வைத்தியர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். பினோபார்பிட்டோன், பெனிட்டாயின், கார்பமாஸிபைன் ஆகிய வலிப்பு மருந்துகள் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுகின்றன. ஹார்மோன்கள் விரைவிற் கரைந்துபோக, நாள் தவறாமல் மாத்திரை உண்டவளுக்கும் கரு தரித்துவிடக் கூடும். லாமோட்ரிஜின் என்னும் மருந்திலோ நிலைமை தலைகீழ். மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜென், இரத்தத்தில் அம்மருந்தின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் தலைகாட்டும். மருந்து கெட்டுவிட்டது என்று வீட்டார் எண்ணுவர். மாத்திரையை ஐயுறுவார் இலர்.

காப்பர்-டி சாதனத்திற்கு இத்தொல்லை கிடையாது. மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியின் பலனும் குன்றுவதில்லை. இவ்விரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைப்பவை.

வால்புரோயேட் என்னும் மருந்து கருத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. ஆயினும் கருவிலுள்ள சிசுவுக்கு அதனால் தீங்கு அதிகம். அதை உட்கொள்ளும் தாய்மாரின் குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் உறுப்புக் குறையுடன் பிறக்கின்றனர்; அறிவு வளர்ச்சி குன்றுவதும் உண்டு. அதற்கஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்துதல் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. கருவுறுமுன்பே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக் கொள்வதே முறை. போலிக் அமிலமும் அப்பொழுதே தொடங்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் 1998 முதல் இத்தகைய கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கவனித்து வருகின்றனர். வலிப்புடைய பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமுள்ள மகவையே ஈன்றெடுக்கின்றனர்.

இவ்வளவும் வைத்தியருக்குத் தெரிந்தாலன்றோ பயன்? மணமான பெண்கள் பலர் இந்நோயைப் புகுந்த வீட்டாரிடம் மறைத்து, மருந்தையும் மறைவாக உண்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அடிக்கடி வரும் வலிப்பு திருமணத்துக்குத் தடை என்னும் விதி, 1999 ஆம் ஆண்டில் நீக்கப்படும்வரை, இந்து விவாகச் சட்டத்திலேயே இருந்தது. ஊரார் மனத்தினின்று அது இன்னும் நீங்கியபாடில்லை. வீட்டில் சொல்ல இயலாவிடினும், மாத்திரை தரும் நர்ஸிடம் தனியே சொல்லிவிடலாம். வட மாநிலங்களில் மொழி தடையாயின், ஹிந்தியில் இந்நோய்க்கு 'மிர்கீ' என்று பெயர். மருந்து 'தவா' எனப்படும். இவ்விரு சொற்களைச் சொல்லி மருந்து அட்டையையும் காட்டினால் போதும்.