நெபுலா படத்தின் நிறம் எங்கிருந்து வருகிறது?

நிலவில்லாத தை மாத இரவில் மேகமலை அடிவாரத்தில் நின்று ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே மங்கலான புகைபோல் தெரிவது ஓரியன் நெபுலா. தொலைவு சுமார் 1,300 ஒளியாண்டு.

நம் பிள்ளைகள் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் முதலில் சாம்பல் நிறக் கறைதான் கிடைக்கும். மனம் தளர வேண்டாம். சில விநாடிப் படங்களாக நிறைய எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் இருக்கும். இரைச்சல் புள்ளிகளோ படத்துக்குப் படம் மாறும். எனவே 100 படங்களின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது. லென்ஸை மூடி எடுத்த படங்களைக் கழித்தால் கேமராவின் சொந்தப் புள்ளிகளும் மறையும். கடைசியாக, மங்கலான பகுதிகளை மெல்ல வெளிச்சமாக்க வேண்டும்.

இதெல்லாம் இருப்பதை வெளிக்கொணர்வது. நிறம் கொடுப்பது வேறு. 'சிவப்பு ரோஜா' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பூனைக்கண் நெபுலா படம் 1994இல் ஹப்பிள் எடுத்தது. அதில் பதிவான ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் ஒளி மூன்றுமே கண்ணுக்குச் சிவப்புதான். பிரித்துக் காட்டவே சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் கொடுத்தார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். மறைக்காததால் அது பொய்யல்ல.

விசாரிக்காமல் அதை மறுமை நாள் பற்றிய வசனத்துக்கு ஆதாரமாகப் பரப்புவதுதான் நம் தவறு. அல்லாஹ்வின் வேதத்துக்கு அந்தச் சான்று தேவையில்லை. உங்கள் பிள்ளை நெபுலா படம் காட்டினால் பாராட்டுங்கள், கூடவே, "நிறத்தை எப்படிக் கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.