முதலில் இடம், பிறகு வண்டி

விடுமுறையில் நாங்கள் நால்வர் சிட்னி செல்கிறோம். ஹோட்டல் செலவைக் குறைக்க, படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேனை வாடகைக்கு எடுக்கத் திட்டம்.

வண்டியைத் தேடுமுன் அதை இரவில் நிறுத்தும் இடத்தை முடிவு செய்தோம். அனுமதியில்லாத சாலையோரத்தில் உறங்கினால் அபராதம் வரலாம்; மிச்சப்படுத்திய பணம் அதிலேயே போய்விடும். புறநகரிலுள்ள லேன் கோவ் தேசியப் பூங்காவின் முகாம் தளத்தில் மின் இணைப்பும் குளியலறையும் உண்டு. உயரமான வண்டி நகரின் பல கார் நிறுத்துமிடங்களில் நுழையாது. அதனால் அதைத் தளத்திலேயே விட்டுவிட்டு நார்த் ரைட் நிலையத்திலிருந்து மெட்ரோவில் நகருக்குள் போவோம்.

வாடகை நிறுவனங்கள் பலவும் ஓட்டுநருக்கு 21 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன. எங்களில் ஒருவருக்கே அந்த வயது. அவர் களைப்படையாதபடி, நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே வண்டி ஓடும்.